விழாவுக்கு ஒரு வீடு

நுழையும் முன்

உறவினர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் மூன்று நாள் தங்கி மகிழ்ந்த காலம் ஒன்று இருந்தது. இன்று உறவுகள் பல ஊர்களில் பரவி வாழ்கின்றன; வீடுகளோ சிறுத்துவிட்டன. அதனால், விழாக் கொண்டாடுவதற்காகச் சில நாள்களுக்கு மட்டும் வீட்டை வாடகைக்கு எடுக்கும் வழக்கம் வளர்ந்து வருகிறது. அத்தகைய இல்லத்தை எவ்வாறு அமைக்க வேண்டும், எவ்வாறு மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பதைச் செட்டிநாட்டு வீடுகளைச் சான்றாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

கூடுவதற்கு இடம் எங்கே?

மாணவர்களே! தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தாத்தாவுக்கு 60 ஆண்டுகள் நிறைவடைகின்றன. மணிவிழா நடத்த வேண்டும். பெரியப்பா மும்பையில் இருக்கிறார். அத்தை பெங்களூருவில் இருக்கிறார். மற்ற உறவினர்கள் மதுரையிலும் சென்னையிலும் உள்ளனர். எல்லாரும் வந்தால் 40 பேர் ஆவர். தில்லியில் உள்ள அடுக்ககத்திலோ இரண்டு படுக்கையறைகள் மட்டுமே உள்ளன. உறவினர்களை எங்கே தங்க வைப்பது?

தங்கும் விடுதியில் 20 அறைகள் எடுக்கலாம். ஆனால், ஒவ்வொருவரும் தத்தம் அறைக்குள் சென்று கதவை மூடிக்கொள்வர். திருமண மண்டபம் எடுக்கலாம். அங்கோ விருந்து முடிந்ததும் இடத்தைக் காலி செய்ய வேண்டும். பாட்டி பழங்கதை சொல்வதற்கும், சிறுவர்கள் ஓடி விளையாடுவதற்கும், பெரியவர்கள் ஒன்றாக அமர்ந்து காய்கறி நறுக்குவதற்கும் இவ்விரண்டிலும் இடமில்லை. அவர்களுக்குத் தேவைப்படுவது ஒரு வீடு.

இத்தேவையை நிறைவு செய்வதே குறுங்கால வாடகை இல்லம். நாள் கணக்கில் வாடகை பெற்றுக்கொண்டு, சமையலறையோடு கூடிய முழு வீட்டையும் ஒரே குழுவுக்கு விடுவது இதன் இயல்பு. வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பது நம் நாட்டுக்குப் புதியதன்று. சத்திரங்களும் சாவடிகளும் அதற்குச் சான்றுகள். ஆனால், தனியார் வீடுகளை இணையத்தின் வழியே வாடகைக்கு விடும் முறை அண்மையில் பரவியது. 2007ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில், மாநாட்டுக்கு வந்தவர்களுக்கு விடுதி கிடைக்காத நேரத்தில், இளைஞர் இருவர் தம் வீட்டில் காற்று மெத்தைகளை விரித்து வாடகைக்கு இடம் கொடுத்தனர். அதிலிருந்து பிறந்ததே ஏர்பிஎன்பி என்னும் நிறுவனம். இன்று கோவாவின் பழைய வீடுகள், இராசத்தானின் அவேலிகள், கேரளத்தின் தறவாட்டு வீடுகள் எனப் பலவும் விருந்தினரை வரவேற்கின்றன.

விழாவுக்கென்றே கட்டப்பட்ட வீடுகள்

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்துள்ள பகுதி செட்டிநாடு. காரைக்குடி இதன் முதன்மையான நகரம். பர்மா, இலங்கை, மலாயா முதலிய நாடுகளுக்குச் சென்று வணிகம் செய்த நகரத்தார், தாம் ஈட்டிய பொருளைக் கொண்டு சொந்த ஊர்களில் பெரிய வீடுகளைக் கட்டினர். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கடல் கடந்து வந்தன. சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவையும் சேர்த்துப் பூசிய சுவர்கள் இன்றும் வழவழப்பாக உள்ளன. ஆத்தங்குடியில் கண்ணாடிப் பரப்பின்மேல் வார்த்துச் செய்யப்படும் பூவேலைத் தரைக்கற்கள் உலகப் புகழ் பெற்றவை.

இவ்வீடுகளின் பெருமை அழகில் மட்டும் இல்லை. அவற்றின் அமைப்பிலும் உள்ளது. வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். தெருவை ஒட்டித் திண்ணை, அதனை அடுத்து முகப்பு, அதற்கு அப்பால், நடுவில் வானம் பார்த்த முற்றமும் நான்கு புறமும் தாழ்வாரமும் கொண்ட வளவு, வளவைச் சுற்றி, மணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, பின்னால் பந்தி பரிமாறும் இரண்டாம் கட்டு, கடைசியாகச் சமையற்கட்டு. திருமணமும் மணிவிழாவும் வீட்டிலேயே நடைபெற்றன. திண்ணையில் ஆண்கள் பேசிக் கொண்டிருப்பர். வளவில் சடங்கு நடக்கும். இரண்டாம் கட்டில் பந்தி நடக்கும். பின்வாசல் வழியே விறகும் காய்கறியும் வந்து சேரும். ஒன்றின் வேலை மற்றொன்றின் குறுக்கே வாராது.

சுருங்கச் சொன்னால், இன்றைய வடிவமைப்பாளர் விழா இல்லம் ஒன்றை வரையத் தொடங்கினால் எவற்றையெல்லாம் எண்ணுவாரோ, அவற்றுள் பலவற்றை அக்காலக் கொத்தனாரும் தச்சரும் முன்னரே எண்ணிச் செய்துள்ளனர்.

பூட்டிக் கிடக்கும் கதவுகள்

இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டு பர்மா சப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்த தொழிலும் சொத்தும் பலருக்குக் கைவிட்டுப் போயின. பின்னர் அடுத்த தலைமுறையினர் கல்விக்காகவும் வேலைக்காகவும் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் குடிபெயர்ந்தனர். வீடுகள் ஊரிலேயே நின்றன.

ஒரு வீட்டுக்கு ஒருவர் மட்டுமே உரிமையாளர் அல்லர். தந்தைக்குப் பின் மகன்கள், அவர்களுக்குப் பின் பேரன்கள் எனப் பங்காளிகள் பெருகினர். ஆண்டுக்கு ஓரிரு முறை, திருமணத்துக்கோ படைப்புக்கோ வந்து கூடுவர். பிறகு பூட்டிவிட்டுச் செல்வர். பூட்டிய வீட்டில் ஓர் ஓடு நழுவினால் அதைக் காண ஆள் இல்லை. மழைநீர் இறங்கும், உத்திரம் உளுக்கும், கறையான் ஏறும். பழுது பார்க்கப் பணம் யார் தருவது என்பதில் உடன்பாடு ஏற்படாதபோது, சில வீடுகள் பிரிக்கப்பட்டன. அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு வந்தன.

2014ஆம் ஆண்டு செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெசுகோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும், பட்டியல் கூரையைப் பழுது பார்க்காது. வீட்டைப் பயன்படுத்தினால்தான் வீடு நிலைக்கும். ஆகவே, சில வீடுகள் மரபு விடுதிகளாக மாறின. சில திரைப்படப் படப்பிடிப்புக்கு விடப்படுகின்றன. ஒரு குடும்பத்தின் விழாவுக்காக மற்றொரு குடும்பத்துக்கு வீட்டைத் திறந்துவிடுவது, அவ்வீடு எதற்காகக் கட்டப்பட்டதோ அந்தப் பயனுக்கே அதனைத் திருப்புவதாகும்.

விழா இல்லத்தை அமைத்தல்

பழைய வீட்டை விழா இல்லமாக மாற்றுவோர் முதலில் கேட்க வேண்டிய வினா, ‘எத்தனை பேர் படுக்கலாம்?’ என்பதன்று. ‘எத்தனை பேர் ஒரே நேரத்தில் குளிக்க வேண்டும்?’ என்பதே ஆகும். காலை 6 மணிக்குச் சடங்கு தொடங்குகிறது எனக் கொள்வோம். 40 பேரும் 4 மணி முதல் 6 மணிக்குள் குளித்து முடிக்க வேண்டும். ஒருவருக்கு 15 நிமிடம் எனக் கொண்டால், ஒரு குளியலறையில் இரண்டு மணி நேரத்தில் 8 பேர் குளிக்கலாம். எனவே, குறைந்தது 5 குளியலறைகள் வேண்டும். பழைய வீடுகளில் இவ்வளவு குளியலறைகள் இரா. அவற்றை அமைக்கும்போது வளவின் சுவர்களை இடிக்காமல், பின்கட்டை ஒட்டிய வெற்றிடத்தில் கட்டுவது நன்று. பழைய சுவரில் ஈரம் ஏறினால் சுண்ணாம்புப் பூச்சு உதிரும் என்பதை மறத்தல் கூடாது.

இரண்டாவது, தண்ணீர். நகர்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் திட்டமிடுவோர் பொதுவாகக் கொள்ளும் அளவு. இவ்வளவின்படி 40 பேருக்கு ஒரு நாளைக்கு 5,400 லிட்டர் வேண்டும். மூன்று நாளுக்கு 16,200 லிட்டர் வேண்டும். செட்டிநாடு மழை குறைந்த பகுதி. முற்றத்தில் விழும் மழைநீரைச் சேர்த்து வைக்கும் பழைய ஏற்பாட்டைச் சீர் செய்தால், அது இன்றும் கைகொடுக்கும்.

மூன்றாவது, முதியோர். மணிவிழாவுக்கு வரும் விருந்தினருள் முதியவர் பலர் இருப்பர். உயர்ந்த வாசற்படிகளும் பளிங்குத் தரையும் கண்ணுக்கு அழகானவை. முழங்கால் வலிப்பவருக்கு அவை இடர். படிகளின் ஓரம் கைப்பிடியும், சக்கர நாற்காலி ஏறுவதற்கு எடுத்து வைக்கக்கூடிய மரச் சாய்தளமும், தரைத்தளத்தில் மேற்கத்திய முறைக் கழிப்பறையுடன் கூடிய ஓர் அறையும் கட்டாயம் தேவை.

நான்காவது, சமையற்கட்டு. வீட்டார் தேநீர் போட்டுக்கொள்ளச் சிறு அடுப்பு வேண்டும்; சமையற்காரர் விருந்து ஆக்கப் பெரிய அடுப்பு வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் சண்டை வரும். எரிவாயு உருளைகளை வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். தேக்கு மரம் நிறைந்த வீட்டில் தீயணைப்பான் இல்லாமல் விழா நடத்துதல் கூடாது. மின்சாரம் தடைப்பட்டால் உதவும் ஜெனரேட்டரும், சுமை தாங்கும் புதிய மின்கம்பிகளும் இன்றியமையாதவை.

ஐந்தாவது, சிறுவர். திறந்த முற்றமும் கிணறும் உள்ள வீட்டில் கிணற்றுக்குக் கம்பி மூடி வேண்டும். மாடித் தாழ்வாரத்துக்குத் தடுப்பு வேண்டும்.

இத்தனையும் செய்தபின், நடுவளவை மட்டும் வெறுமையாக விட்டுவிட வேண்டும். சோபாக்களை இட்டு அதனை நிரப்புவோர் உண்டு. பாய் விரித்தால் 40 பேர் உட்காரலாம். பாயைச் சுருட்டினால் மணமேடை அமைக்கலாம். இரவில் சிறுவர் அனைவரும் வரிசையாகப் படுத்து உறங்கலாம். வெற்றிடமே வளவின் பயன்.

கணக்கும் பங்கும்

இப்போது ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு வீட்டின் வாடகை ஓர் இரவுக்கு ரூ.40,000 எனக் கொள்வோம். மூன்று இரவுகளுக்கு ரூ.1,20,000. அதனை 40 பேர் பகிர்ந்தால் ஒருவருக்கு ரூ.3,000 ஆகிறது. விடுதியில் ஓர் அறை ரூ.3,000 வீதம் 20 அறைகளுக்கு மூன்று இரவுகளுக்கு ரூ.1,80,000 ஆகும், ஒருவருக்கு ரூ.4,500. விருந்தினருக்கு வீடே சிக்கனம்.

வீட்டாருக்கு எப்படி? ஓர் ஆண்டில் காவலர், தூய்மைப் பணியாளர் முதலியோரின் சம்பளம் ரூ.6,00,000, பழுதுபார்ப்பு ரூ.4,00,000. வீட்டை யாரும் எடுக்காவிட்டாலும் இந்த ரூ.10,00,000 செலவாகும். விருந்தினர் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் மின்சாரம், தண்ணீர், சலவை ஆகியவற்றுக்கு மேலும் ரூ.5,000 ஆகும். எனவே, ஓர் இரவில் உண்மையாக நிற்பது ரூ.35,000. ஆண்டுக்கு 29 இரவுகள் வீடு நிரம்பினால்தான் செலவு ஈடாகும். 25 இரவுகள் மட்டும் நிரம்பினால் ரூ.1,25,000 நட்டம். 40 இரவுகள் நிரம்பினால் ரூ.4,00,000 மிச்சம். பங்காளிகள் 20 பேர் இருந்தால், ஆளுக்கு ரூ.20,000 கிடைக்கும்.

இது பெருந்தொகை அன்று. விழா இல்லம் நடத்திச் செல்வராகலாம் என எண்ணுவோர் ஏமாறுவர். ஆனால், ஆண்டுதோறும் ரூ.4,00,000 செலவில் கூரையும் மரமும் பழுது பார்க்கப்பட்டனவே, அதுவே உண்மையான வருவாய். பங்காளிகள் தம் கையிலிருந்து எதுவும் கொடாமல் முன்னோர் வீடு காக்கப்படுகிறது.

எப்படி அறிவிப்பது?

29 இரவுகளைத் தாண்ட வேண்டுமாயின், வீடு இருப்பது மக்களுக்குத் தெரிய வேண்டும். இதற்கான முயற்சியே சந்தைப்படுத்துதல். நல்ல அறிவிப்புக்கு மூன்று இயல்புகள் உண்டு.

ஒன்று, யாருக்கு என்று சொல்லுதல். ‘அனைவருக்கும் ஏற்ற இல்லம்’ என்பது எவருக்கும் சொல்லாத சொல். ‘40 பேர் வரை தங்கி மணிவிழா நடத்தலாம், தரைத்தளத்தில் முதியோருக்கென மூன்று அறைகள் உள்ளன’ என்று எழுதினால், அதனைத் தேடுபவர் உடனே நின்று படிப்பார்.

இரண்டு, உள்ளதை உள்ளபடி காட்டுதல். முகப்பின் அழகிய படத்தோடு குளியலறையின் படத்தையும் போட வேண்டும். அறைகளின் அளவைக் காட்டும் வரைபடம் வேண்டும். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் காரைக்குடிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அங்கிருந்து ஊருக்கு எவ்வளவு தொலைவு, இரவில் வண்டி கிடைக்குமா, அருகில் மருத்துவமனை எங்கே என்பவற்றை எழுத வேண்டும். குறையையும் மறைத்தல் கூடாது. ‘எல்லா அறைகளிலும் குளிர்சாதனம் இல்லை’ என்று முன்னரே சொன்னால், அது செய்தி. விருந்தினர் வந்தபின் கண்டுகொண்டால், அது குற்றச்சாட்டு. வாடகை, முன்பணம், வேளை தவறினால் கட்டணம், விழா தள்ளிப்போனால் எவ்வளவு திரும்பும் என்பன எழுத்தில் இருக்க வேண்டும்.

மூன்று, காலம் அறிதல். ஆடியிலும் மார்கழியிலும் தமிழ்க் குடும்பங்கள் பொதுவாகத் திருமணம் நடத்துவதில்லை. ஆனால், மணிவிழா அவரவர் பிறந்த மாதத்தையும் நட்சத்திரத்தையும் ஒட்டி வருவதால், அது ஆண்டு முழுதும் பரவி நிற்கும். கோடை விடுமுறையில் வெளிமாநிலக் குடும்பங்கள் ஊருக்கு வரும். ஏனைய நாள்களில் பழைய மாணவர் சந்திப்பு, கட்டடக்கலை மாணவரின் பயிலரங்கு, பள்ளிச் சுற்றுலா ஆகியவற்றுக்கு வீட்டை விடலாம்.

ஓர் அறிவிப்பு, முதல் விருந்தினரை மட்டுமே அழைத்து வரும். இரண்டாம் விருந்தினரை அழைத்து வருபவர், மனநிறைவோடு திரும்பிய முதல் விருந்தினரே.

அக்கம்பக்கத்தாரும் விருந்தோம்பலும்

ஒரு வீட்டின் கொண்டாட்டம் அடுத்த வீட்டின் தூக்கத்தைக் கெடுத்தல் கூடாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி இயக்குவதற்குத் தடை உள்ளது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்பது எல்லை. கட்டுப்பாடற்ற கொண்டாட்டங்களால் உலகின் பல ஊர்களில் மக்கள் முறையிட்டனர். அதனால் ஏர்பிஎன்பி நிறுவனம் 2020ஆம் ஆண்டு தன் வழியே விடப்படும் வீடுகளில் கேளிக்கைக் கூட்டங்களைத் தடை செய்தது. 2022ஆம் ஆண்டு அத்தடையை நிலையானதாக்கியது. ஆகவே, விழாவுக்கு வீடு எடுப்போர், அங்கு விழா நடத்த இசைவு உண்டா என முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

அரசின் விதிகளும் உள்ளன. உரிமையாளர் தாமும் குடியிருந்து, 1 முதல் 6 அறைகள் வரை விருந்தினருக்கு விடும் இல்லங்களை இந்தியச் சுற்றுலா அமைச்சகம் வெள்ளி, தங்கம் என்னும் இரு தரங்களாக வகைப்படுத்துகிறது. அதனினும் பெரிய இல்லங்கள் உள்ளாட்சி, தீயணைப்பு முதலிய துறைகளின் உரிய இசைவைப் பெற வேண்டும்.

ஊரார்க்கு இதனால் தொல்லை மட்டும் வந்தால், அவர்கள் இதனை விரும்பார். பயனும் சென்று சேர வேண்டும். சமையலுக்கு உள்ளூர்ச் சமையற்காரர், மாலைக்கு உள்ளூர்ப் பூக்கடை, மங்கல இசைக்கு உள்ளூர் நாகசுரக் கலைஞர், தாம்பூலப் பைக்கு மாற்றாக இப்பகுதிப் பெண்கள் பனையோலையில் முடையும் கொட்டான் என ஏற்பாடு செய்தால், ஒரு வீட்டின் விழா பல வீடுகளில் அடுப்பெரியச் செய்யும்.

முடிவாக

மாணவர்களே! உங்களுள் பலருக்குத் தாத்தாவின் ஊர் என்பது விடுமுறையில் மட்டும் காணும் இடமாக இருக்கலாம். அங்கே ஒரு பழைய வீடு, சிறியதாகவோ பெரியதாகவோ, பூட்டிக் கிடக்கலாம். அதனை விற்பதா, இடிப்பதா, காப்பதா என்னும் வினா ஒருநாள் உங்கள் தலைமுறைக்கு வரும். எல்லா வீட்டையும் விழா இல்லமாக்க இயலாது. ஆனால், முடிவெடுக்கும் முன் அவ்வீடு எதற்காகக் கட்டப்பட்டது, இன்று யாருக்குப் பயன்படும், அதற்கு எவ்வளவு செலவாகும் என்னும் மூன்றையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, அவ்வீட்டின் கதவைத் திறந்து, கூரையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

சொல்லும் பொருளும்

அடுக்ககம் – பல குடியிருப்புகள் கொண்ட மாடிக் கட்டடம்
வளவு – நடுவில் முற்றம் உடைய வீட்டின் உட்பகுதி
பங்காளி – குடும்பச் சொத்தில் உரிமை உடைய தந்தைவழி உறவினர்
பந்தி – விருந்தினர் வரிசையாக அமர்ந்து உண்ணுதல்
உத்திரம் – கூரையைத் தாங்கும் குறுக்கு மரம்
உளுத்தல் – மரம் அரிக்கப்பட்டு வலிமை இழத்தல்
கொட்டான் – ஓலையால் முடைந்த சிறு கூடை

பயிற்சி

1. செட்டிநாட்டு வீட்டின் பகுதிகளை வாசலிலிருந்து தொடங்கி முறையாக எழுதுக.
2. ‘வெற்றிடமே வளவின் பயன்’ – இத்தொடரை விளக்குக.
3. 60 பேர் தங்கும் விழாவுக்கு இரண்டு நாளுக்குத் தேவையான தண்ணீரின் அளவைக் கணக்கிடுக.
4. பாடத்தில் உள்ள கணக்கில் வாடகை ரூ.45,000 எனக் கொண்டால், செலவு ஈடாக எத்தனை இரவுகள் வேண்டும்?
5. நீங்கள் அறிந்த ஒரு பழைய வீட்டுக்கு, அதன் குறை ஒன்றையும் மறைக்காமல், எட்டு வரிகளில் அறிவிப்பு எழுதுக.
6. உங்கள் தாத்தா அல்லது பாட்டியிடம் பேசி, அவர்கள் இளமையில் கலந்துகொண்ட வீட்டு விழா ஒன்றைப் பற்றிக் கேட்டறிந்து, வகுப்பில் எடுத்துரைக்க.